கூப்புட்ட ஒடனே வர்ற ஆளு

கம்பெனியப் பாக்காதீங்க தம்பி, ஏஜென்ட்டப் பாருங்க. அந்த ரெண்டு கொட்டேஷனையும் மடிச்சு உள்ள வையுங்க. ரொம்ப நேரமா திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருக்கறீங்க, அதனாலதான் சொல்றேன். அதுல இருக்கறதெல்லாம் ஒண்ணுதான். எல்லாக் கம்பெனிக்காரனும் அதையேதான் அச்சடிச்சுக் குடுக்கறான். வண்டி ரோட்டோரமா மூஞ்சி நசுங்கிக் கெடக்கறப்ப எவன் வந்து நிக்கறானோ அவன்தான் இன்சூரன்ஸு. மத்ததெல்லாம் காயிதம்.

இல்லீங்க, நான் ஏஜென்ட் இல்லீங்க. வெள்ளகோவில்ல மாட்டுத்தீவனக் கடை வெச்சிருக்கறேன். புண்ணாக்கு, தவுடு, பருத்திக்கொட்டை. பேரு குழந்தைவேலு. வண்டிய சர்வீஸுக்கு உட்டுட்டு காத்தாலயிருந்து இந்த ஷோரூம்லதான் உக்காந்திருக்கறேன். இந்த ஏசிக்கு நேராக் கீழ உக்காராதீங்க, கழுத்துப் புடிச்சுக்கும். இப்படி வாங்க. வூட்ல போயி உக்காந்தாலும் இதே உக்கார்றதுதான், அதனால எனக்கு அவசரமொண்ணும் இல்லீங்க. நீங்க புது வண்டி எடுக்கறீங்க, விவரம் தெரிஞ்சுக்கறது நல்லது.

மொதல்ல நானும் உங்களாட்டத்தான். யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டு கடசீல சொந்தக்காரன்கிட்டயே போட்டேன். எங்கூட்டுக்காரி வசந்தாமணியோட தம்பி, நல்லசிவம்னு பேரு. முத்தூர்ல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை. கூடவே இன்சூரன்ஸ் ஏஜென்சியும் எடுத்து வெச்சிருந்தான். அவங்களுக்கு அப்பனும் ஆத்தாளும் சீக்கிரமே போயிட்டாங்க. அக்காளும் தம்பியும் ரெண்டே பேரு. எங்க கல்யாணத்தப்ப அவன் அரை டவுசர் போட்டுட்டு இவ முந்தானையப் புடிச்சுட்டு நின்னான்.

ஆளு நல்லவன். அதை நான் இல்லைன்னே சொல்லல. ஆனா சர்வீஸு சுத்தமாப் பத்தாதுங்க. புது வண்டி எடுத்த அன்னைக்கு வந்தான். டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சான், அக்காளுக்கு மல்லிப்பூ வாங்கிட்டு வந்தான், எம்பொண்ண முன்சீட்ல உக்கார வெச்சு ஆரன் அடிச்சுக் காட்டுனான். எல்லாம் பண்ணுனான். பாலிசிக் காயிதத்த மட்டும் மறந்துட்டு வந்துட்டான். அப்பறமா ஒரு நாள் சட்டைப் பாக்கெட்டுல நாலா மடிச்சு, வேர்வையில நனைச்சு கொண்டாந்து குடுத்தான்.

அதுக்கப்பறம் மாசம் ஒருக்கா வருவான். எதுக்குன்னு கேட்டா, சேஸிஸ் நம்பர் பாக்கோணுமுங்க மாமாம்பான். போன மாசந்தான பாத்தேன்னா, அதுல ஒரு எழுத்து சந்தேகமா இருக்குதும்பான். அடுத்த தடவ வந்தா கையெழுத்து சரியா உழுகலைம்பான். வண்டிகிட்டக்கூடப் போக மாட்டான். நேரா சமையல்கட்டுக்குப் போயி, அரிசி டப்பா மேல உக்காந்துக்குவான். இவ சோறாக்கிட்டே பேசுவா, அவன் முருங்கக்காய நறுக்கிட்டே பேசுவான். அந்த முருங்கக்காயும் அவன் கொண்டாந்ததுதான். பஸ்ஸுல வரும்போது மடியில வெச்சுட்டு வருவான். சாப்புட்டுட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருவான். சேஸிஸ் நம்பர எழுதிட்டுப் போனானான்னு பாத்தா இல்லை.

நான் யாவாரி தம்பி. எனக்கு இந்த மாதிரி அரைகொறை வேலை ஆகாது. ஒரு நம்பரை எழுதறதுக்கு எத்தன தடவ வருவான் ஒருத்தன்? இவகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன், உங்க தம்பி ஒரு நம்பருக்கு ஒம்பது பஸ்ஸு ஏறுறான்னு. அவ சிரிக்க மாட்டா. தட்டக் கழுவிட்டு இருப்பா.

அப்பறம் வண்டிக்கு அடிபட்டுச்சு. கரூர்ல ஒரு எழவுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றோம். ஒரு டிப்பர்காரன் ஒதுங்கறேன்னு சொல்லி பக்கவாட்டுல ஒரசிட்டுப் போயிட்டான். ரெண்டு கதவும் உள்ள போயிருச்சு. இவ அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தா. கையில சிராய்ப்பு, வேற ஒண்ணுமில்ல. நல்லசிவத்துக்குப் போன் போடறேன், எடுக்கல. மறுக்காப் போடறேன், எடுக்கல. அன்னைக்கு அவன் பொண்டாட்டிக்கு ஒடம்புக்கு முடியலைன்னு ஆஸ்பத்திரியில இருந்தானாம். சரி, அவனவனுக்கு ஆயிரம் இருக்கும். ஆனா நான் நடுரோட்டுல நிக்கறேன்.

எங்க கடைக்குப் பக்கத்துல ஆர்டுவேர் கடைக்காரரு ஒருத்தரு இருக்கறாரு. அவருக்குப் போன் போட்டேன். அவரு அவரோட ஏஜென்ட்ட அனுப்பி உட்டாரு. தனசேகர். ஈரோட்டுப் பக்கத்து ஆளு, அப்பத்தான் எங்க ஊருல ஆபீஸ் போட்டிருந்தாரு. நான் அவருகிட்ட ஒரு ரூவாய்க்குக்கூடப் பாலிசி எடுத்ததில்ல. ஆனா அரை மணி நேரத்துல இழுவை வண்டியோட வந்து நிக்கறாரு. கையில தண்ணி பாட்டில். வந்த ஒடனே நாலு பக்கமும் போட்டோ எடுத்தாரு, டிப்பர்காரன் போன தெசையக் கேட்டாரு, டோல்கேட்டுல கேமரா இருக்குதுங்க சார், நான் பாத்துக்கறேன்னாரு. எனக்கு அப்படியே நெஞ்சு குளுந்து போச்சுங்க. ஒரு மனுசன் வேலை செய்யறதப் பாக்கறதே ஒரு சொகம்தான்.

மச்சினன் மறுநாள் காத்தால வந்தான், தூக்குப்போசியில ரசம் வெச்சு எடுத்துட்டு. வந்தவன் வண்டியப் பாத்தானா? இல்ல. நேரா உள்ள போயி அக்கா கையப் புடிச்சு, சிராய்ப்ப ஊதி ஊதிப் பாத்துட்டு இருக்கறான். மருந்து போட்டயா, ராத்திரி தூங்குனயான்னு கேக்கறான். நான் கிளைம் பாரத்த கையில வெச்சுட்டு வாசல்ல நிக்கறேன். அப்பறம் வந்து எழுதுனான். அதுலயும் தப்பா எழுதிட்டான். அந்தக் கிளைமு இழுத்து இழுத்து, வந்தது பாதிதான்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஆனா நான் நாயம் தெரிஞ்சவன் தம்பி. எடுத்தேன் கவுத்தேன்னு எதையும் பண்ண மாட்டேன். கடையில புண்ணாக்கு வாங்கறதுன்னாக்கூட ரெண்டு மில்லுக்காரன வரச் சொல்லி, ஒண்ணா உக்கார வெச்சு, எதுத்தாப்லயே வெலை கேக்கறதுதான் என்ற பழக்கம். அப்பத்தான் பின்னால ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது. இதுக்கும் அதே மாதிரி ஒரு ஞாயித்துக்கெழம ரெண்டு பேரையும் வூட்டுக்கு வரச் சொல்லிட்டேன்.

ஆமாங்க, ரெண்டு பேரையும்தான். அதுல என்ன இருக்குது?

தம்பி வர்றான்னு இவ வெடியக்காலத்துலயே நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சுட்டா. வந்தவன் வழக்கம்போல நேரா சமையல்கட்டுக்குப் போகப் பாத்தான். நான்தான், மாப்ள, இன்னைக்கு இங்க உக்காருங்கன்னு ஹால்ல சோபாவக் காமிச்சேன். எதுத்த சோபாவுல தனசேகர். இவகிட்டயும் கண்டிசனாச் சொல்லிப்போட்டேன், ரெண்டு பேருத்துக்கும் ஒரே மாதிரி கப்புல, சாசரோட காப்பி குடுன்னு. அவனுக்குன்னு ஒரு எவர்சில்வர் தம்ளரு எங்க வூட்ல இருக்குது, அதுலதான் எப்பவும் குடிப்பான். அன்னைக்கு வேண்டாம்னுட்டேன். ஆளுக்கொரு நாயம் வெக்கக் கூடாதில்லீங்களா.

அவன் அந்த சாசரக் கையில வெச்சுட்டே உக்காந்திருந்தான். குடிக்கல.

நான் ரெண்டு பேருகிட்டயும் ஒரே கேள்விதான் கேட்டேன். எனக்கு என்ன சர்வீஸ் பண்ணுவீங்க? தனசேகர் பை தொறந்து, கலர் காயிதம் எடுத்து, எந்தெந்த ஊருல எந்த ஒர்க்‌ஷாப்புல காசு கட்டாம வண்டி உடலாம்னு காமிச்சாரு. எப்பக் கூப்புட்டாலும் வருவேன் சார், வண்டிக்குன்னு இல்ல, எதுக்குன்னாலும் கூப்புடுங்கன்னாரு. அடுத்து நான் இவன் பக்கம் திரும்புனேன். நீங்க சொல்லுங்க மாப்ளன்னேன்.

அவன் என்னயப் பாக்கல. சமையல்கட்டு வாசல்ல நின்ன அக்காளப் பாத்துட்டு, "எனக்கு என்னங்க மாமா சொல்லத் தெரியும்? அக்கா வூட்டு வண்டி. நான் எழுதறேன்"னான்.

இது ஒரு பதிலா தம்பி? நீங்களே சொல்லுங்க. எதுத்தாப்ல ஒருத்தரு கையில காயிதம் வெச்சுட்டு உக்காந்திருக்கறாரு. நான் அங்கயே சொல்லிட்டேன். மாப்ள, சொந்தம் வேற, வண்டி வேற, கோச்சுக்காதீங்கன்னு சிரிச்சுட்டேதான் சொன்னேன். அவன் சரிங்க மாமான்னான். கப்ப டீப்பாய் மேல வெச்சான், எந்திரிச்சான், செருப்பப் போட்டான். இவ ஓடி வந்து, சாப்புட்டுட்டுப் போ கண்ணுன்னா. பசியில்லக்கான்னுட்டுப் போயிட்டான். பஸ்ஸு அந்நேரத்துக்குக் கெடையாது, தெரியும். ஸ்டாண்டுல உக்காந்திருந்திருப்பான். அன்னைக்கு அந்தக் கோழிக் கொழம்ப தனசேகர்தான் சாப்புட்டாரு. நல்லா இருக்குதுங்கக்கான்னு ரெண்டு தடவ சொன்னாரு. இவ, "மேடம்னே கூப்புடுங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா.

அப்பறம் அவன் வர்றதே இல்ல. நான் வரவேண்டாம்னா சொன்னேன்? வாசக்கதவு தொறந்துதான கெடந்துச்சு? கமிசன் போச்சுன்னு கோவம், வேறென்ன. இவகிட்டயே சொன்னேன். அன்னைக்குத்தான் இவ வாயத் தொறந்து ஒண்ணு சொன்னா. "கையில காசில்லாத தம்பி அக்கா வூட்டுக்குச் சும்மாச் சும்மா வந்தா நாலு பேரு நாலு சொல்லுவாங்க. அதுக்குத்தான் அவன் அந்த நம்பர எழுதவே இல்ல. வர்றதுக்கு அவனுக்கு இருந்தது அது ஒண்ணுதானுங்க"ன்னா.

எனக்கு அது இன்னும் சரியாப் புடிபடலீங்க. வர்றவன் வந்துட்டுப் போகவேண்டியதுதான. எதுக்கு நம்பரு?

தனசேகர் சர்வீஸு மட்டும் ஒரு குத்தம் சொல்ல முடியாது. பாலிசி முடியறதுக்கு முன்னாலயே போன் வரும். காலண்டர் வரும். ஆயுத பூசைக்கு வந்து வண்டிக்குப் பொட்டு வெச்சுட்டுப் போவாரு. கேஸ் சிலிண்டர் வரலைன்னா அவருதான் பேசுவாரு. இவளுக்குக் கண்ணு டாக்டருகிட்டப் போகோணும்னா, நான் கடைய உட்டுட்டுப் போக முடியாது, அவருதான் கூட்டிட்டுப் போவாரு. நான் இவகிட்டச் சொல்லியே வெச்சிருந்தேன். எதா இருந்தாலும் தனசேகருக்குப் போன் போடு, என்னைத் தேடாதன்னு.

டீ குடிக்கறீங்களா? இங்க மிசின் டீதான். வேண்டாமா. சரி.

எம்பொண்ணு கௌசல்யாவுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. போன வைகாசியில. நல்ல எடம், மாப்ள பெங்களூர்ல வேலை. எங்க பக்கத்துக் கல்யாணம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. பொண்ணு நெத்தியில தாய்மாமன் பட்டம் கட்டோணும். சின்னத் தகடு ஒண்ணு, நூல் கோத்து வெச்சிருப்பாங்க. அம்மாகூடப் பொறந்தவன் கைதான் அதக் கட்டோணும். அதக் கட்டுனாத்தான் பொண்ணு மணவறைக்கு வரும். அதனால பத்திரிக்கைய மொதல்ல அவனுக்குத்தான் வெக்கோணும். பொண்ணப் பெத்தவங்க ரெண்டு பேரும் தட்டம் எடுத்துட்டு நேர்ல போயி வெக்கோணும்.

இவ அதத்தான் சொல்லிட்டு இருந்தா. போலாமுங்க, ஒரு நடை போயிட்டு வந்தரலாமுங்கன்னு. போலாம்னுதான் நானும் இருந்தேன். கல்யாண வேலை, கடை வேலை, மண்டபம், பந்தலுன்னு நாளு ஓடிப்போச்சு. தனசேகர் ஒரு நாள் வந்து, சார் நான் முத்தூர் பக்கம் அடிபட்ட வண்டி ஒண்ணப் பாக்க சர்வேக்குப் போறேன், ஏதாச்சும் வேலை இருக்குதான்னாரு. கேட்டு வர்ற உதவிய வேண்டாம்பாங்களா? பத்திரிக்கையக் குடுத்து உட்டேன். தட்டம், பழம், வெத்தலபாக்கு எல்லாம் முறையா வெச்சுத்தான் குடுத்து உட்டேன். அவரு போயிக் குடுத்துட்டு, நல்லசிவம் கையில வாங்கறப்ப ஒரு போட்டோவும் எடுத்து எனக்கு அனுப்பி வெச்சுட்டாரு. நாளைக்குப் பத்திரிக்கை வரலைன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது பாருங்க. அந்தப் போட்டோவ இவகிட்டக் காமிச்சேன். ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தா. எளச்சுப் போயிட்டான்னு மட்டும் சொன்னா.

கல்யாணத்தன்னைக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். பட்டம் கட்ற நேரம் வந்துருச்சு. அருமைக்காரரு, அவருதான் எங்க கல்யாணத்துல முறையெல்லாம் செஞ்சு வெக்கறவரு, மாமன் எங்கீங்க, கூப்புடுங்கன்னாரு. நான் சுத்தியும் பாக்கறேன், ஆளக் காணம். தனசேகர் வந்து காதுல சொல்றாரு. சார், உங்க மச்சான் கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில நிக்கறாருங்க. சீர்த்தட்டோட, வூட்டம்மாவோட. உள்ள வாங்கன்னு நான் கூப்புட்டேன். நீங்க வந்து கூப்புட்டாத்தான் வருவேங்கறாருன்னாரு.

முறை அதுதான், இல்லைங்கல. மாமன் சீரு வந்தா பொண்ணோட அப்பன் மேளத்தோட வாசலுக்குப் போயித்தான் கூட்டிட்டு வரோணும். ஆனா நான் எந்நேரத்துல போறது? சம்பந்தி வூட்டுக்காரங்க நிக்கறாங்க, முகூர்த்தம் நெருங்குது. அதுவுமில்லாம, மண்டபம் வரைக்கும் வந்தவனுக்கு கேட்டுக்குள்ள வரத் தெரியாதா? வாசப்படி தாண்டறதுக்கு ஒரு ஆளு வந்து கையப் புடிக்கோணுமா? நான் போகல. இவ மேடைய உட்டு எறங்கப் பாத்தா. ஏனுங்க, நான் போயிக் கூட்டிட்டு வந்தர்றனுங்கன்னா. கையப் புடிச்சு நிறுத்திட்டேன். பொண்ணோட ஆத்தா பாதியில எறங்கிப் போனா சபையில நல்லா இருக்குமா?

இவளோட பெரியப்பன் மக்க ரெண்டு பேரு முன்னால உக்காந்திருந்தாங்க. வாங்கப்பா, நீங்களும் மாமன்தான, கட்டுங்கன்னேன். ரெண்டு பேரும் எந்திரிக்கல. நல்லசிவம் வெளிய நிக்கறப்ப நாங்க எப்படீங்க கட்றதுன்னு தலையக் குனிஞ்சுட்டாங்க. என்ன சனம் பாருங்க. அவசரத்துக்கு ஒருத்தன் ஒதவ மாட்டேங்கறான்.

தனசேகர் முன்னால வந்து நின்னாரு. சார், நான் வேணா நிக்கட்டுங்களான்னாரு. வேட்டி கட்டித்தான் வந்திருந்தாரு. அருமைக்காரரு, இவரு யாருங்கன்னு கேட்டாரு. நம்ம பையன்தானுங்க, கட்டட்டும், நேரமாச்சுன்னேன். கௌசல்யா என்னப் பாத்துச்சு, அவங்கம்மாவப் பாத்துச்சு, அப்பறம் கண்ண மூடிட்டு நெத்தியக் காட்டுச்சு. அவரு கட்டுனாரு. கொஞ்சங்கூட கோணாம, கச்சிதமாக் கட்டுனாரு. மேளக்காரன் கெட்டிமேளம் கொட்டுனான்.

அந்த மேளச் சத்தம் வெளிய கேட்டிருக்குமில்லீங்களா. கேட்டிருக்குது. கல்யாணத்துக்குப் பூ வெச்சு சோடிச்சு வாசல்ல நிறுத்தியிருந்த எங்க வண்டி பானெட்டு மேல சீர்த்தட்டெல்லாம் வரிசையா வெச்சுட்டு ரெண்டு பேரும் போயிட்டாங்க. சேலை, தேங்கா, பழம், ஒரு சின்ன மோதரம். கௌசல்யா பொறந்தப்பவே அவன் சேத்து வெக்க ஆரம்பிச்ச காசாம் அந்த மோதரம். அப்பறமா யாரோ சொன்னாங்க.

எனக்கு அன்னைக்குக் கோவம்தான் வந்துச்சு. பூ சோடிச்ச வண்டி மேல பித்தளைத்தட்ட வெக்கலாமா? பெயிண்ட்டு என்னாகறது?

இவ ஒரு சத்தமும் போடல. அழுகக்கூட இல்ல. பந்தி விசாரிச்சா, பொண்ண அனுப்பி வெச்சா, பாத்திரக் கணக்குப் பாத்து ஒப்படைச்சா. வூட்டுக்கு வந்தும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நேரத்துக்கு காப்பி வரும், நேரத்துக்கு சோறு வரும். கேட்டாப் பதில் வரும். ஒரே ஒரு வித்தியாசம், அந்த சாசர் வெச்ச கப்புலதான் எனக்குக் காப்பி குடுப்பா. ஏன்னு கேட்டேன். ஒரே மாதிரிதானுங்க நல்லதுன்னா.

கௌசல்யா ஆடிக்கு வந்துட்டுப் போன மறு வாரம். நான் கடையில மூட்ட எறக்கிட்டு இருக்கறேன். தனசேகர் போன். சார், மேடத்தை முத்தூர்ல பத்திரமா எறக்கி உட்டுட்டேன் சார்ங்கறாரு. என்ன முத்தூருன்னேன். அவருக்கே ஒண்ணும் புரியல. மேடம்தான் சார் போன் பண்ணுனாங்க, தம்பி வூட்டுக்குப் போகோணும், பெட்டி இருக்குது, பஸ்ஸுல ஏற முடியாதுன்னாங்க, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்னாரு.

பாருங்க, நான் சொல்லிக் குடுத்தபடிதான் பண்ணியிருக்கறா. எதா இருந்தாலும் தனசேகருக்குப் போன் போடுன்னு நான்தான சொன்னேன். அவரும் பத்து நிமிசத்துல வந்திருக்கறாரு, பெட்டிய அவரே தூக்கி வெச்சிருக்கறாரு. அதுலயும் ஒரு குறை சொல்ல முடியல.

வூட்டுக்குப் போனேன். சோறு வடிச்சு மூடி வெச்சிருந்தா. பீரோ சாவி டீவி மேல இருந்துச்சு. நான் தட்டப் போட்டு உக்காந்து சாப்புட்டேன். சூடாத்தான் இருந்துச்சு. என்ன கொழம்புன்னு அப்பறமா யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகம் வரல. இப்பவும் அப்படித்தானுங்க. மெஸ்ஸுல வாங்கிச் சாப்புடறேன், கடையத் தொறக்கறேன், மூடறேன். டீவி ஓடும், பாத்துட்டு இருப்பேன், என்ன ஓடுச்சுன்னா தெரியாது. ரொம்ப நேரம் மடக்கி உக்காந்த காலு இருக்குது பாருங்க, கிள்ளுனாத் தெரியாது, நம்மளுதுதான்னு மட்டும் தெரியும், அந்த மாதிரி இருக்குது. வருத்தமான்னு கேக்கறீங்க. வருத்தம்னு சொல்றதுக்கும் ஒண்ணும் வர மாட்டேங்குது. அவ இல்லாதது தெரியுது. அவ்வளவுதான். கௌசல்யா போன் பண்ணுனா, அம்மாகிட்டப் பேசுனீங்களாங்கும். பேசறேன்னு சொல்லுவேன்.

நான் போயிக் கூப்புடலயான்னுதான கேக்கறீங்க? எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. நான் எதுக்குப் போறது? போகச் சொல்லி நான் சொல்லலயே. கடையும் கெடக்குது. ஆனா சும்மாவும் இருக்கல தம்பி, தனசேகர்கிட்டச் சொன்னேன். நீங்கதான கொண்டுபோயி உட்டீங்க, நீங்களே போயிப் பேசிக் கூட்டிட்டு வந்துருங்கன்னு. எவ்வளவோ பெரிய பெரிய கிளைமெல்லாம் முடிச்சுக் குடுத்த ஆளு. இது என்ன பிரமாதம்?

போனாரு. போன வியாழக்கெழம. திரும்பி வந்து கடையில என் எதுத்தாப்ல உக்காந்தாரு. எப்பவும் வந்த ஒடனே பையத் தொறப்பாரு, அன்னைக்குத் தொறக்கல. ஆடிட்டு இருந்த தராசையே பாத்துட்டு இருந்தாரு. என்னங்க சொன்னாங்கன்னேன்.

"மேடம் எனக்கு மோர் குடுத்தாங்க சார். நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்க. உங்களப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசல. அவரை வரச் சொல்லுங்க, ஒரு தடவ வந்து வாசல்ல நின்னு எங்க தம்பியக் கூப்புடச் சொல்லுங்க, அடுத்த நிமிசம் நான் வண்டியில ஏறிக்கறேன்னாங்க."

அவரே மறுபடியும் சொன்னாரு. "அன்னைக்கு அந்தப் பட்டத்த நான் கட்டியிருக்கக் கூடாது சார். எனக்கும் ஒரு அக்கா இருக்காங்க. இதுக்கு நீங்கதான் போகணும். என்னால முடியாது."

இத்தன வருசத்துல அந்த ஆளு வாயில முடியாதுங்கற வார்த்தையவே நான் கேட்டதில்ல. இன்னொருக்காப் போயிப் பாருங்களேன்னு எவ்வளவோ சொன்னேன். வேண்டாம் சார்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. சாப்புட நேரம், மெஸ்ஸுல வாங்கிட்டு வரச் சொல்றேன், இருங்கன்னேன். பசியில்லைன்னுட்டாரு.

இந்த வண்டிய இப்ப எதுக்கு சர்வீஸ் உட்டேன்னு எனக்கே தெரியலீங்க. ஓட்டவே இல்ல. ஆயிலு மாத்தி, கழுவி, டயருக்குக் காத்துப் புடிக்கச் சொல்லியிருக்கறேன். வெள்ளகோவில்ல இருந்து முத்தூரு பக்கம்தான். வண்டி எடுத்தா ஒரு வெத்தலை போட்டு முடிக்கறதுக்குள்ள போயிரலாம். தெரியுது. உக்காந்து சாவியப் போட்டாப் போதும். அந்தச் சாவியப் போடறதுக்குத்தான் கை போக மாட்டேங்குது.

அந்தா, என்ற வண்டிதான் வெளிய வருது. வெள்ளக் கலரு. பளபளன்னு கழுவியிருக்கறான்.

உங்களுக்கு என்ன சொல்ல வந்தேன்னா, தனசேகர் பேர நான் இப்பச் சொல்ல மாட்டேன் தம்பி. நல்ல மனுசன்தான், ஆனா பழைய சர்வீஸு இல்ல. நல்ல ஏஜென்ட்டுன்னா முடியாதுன்னு சொல்லக் கூடாது. வர்ற மாசம் எனக்குப் பாலிசி முடியுது, வேற ஆளுதான் பாக்கோணும். நீங்க எப்படியும் நாலு பேர விசாரிப்பீங்க. அதுல கூப்புட்டா வர்ற ஆளா யாராச்சும் சிக்குனா எனக்கும் ஒரு போன் பண்ணுங்க. எந்தக் கம்பெனியா இருந்தாலும் பரவால்ல. முத்தூருப் பக்கம் போயிட்டு வர்ற ஆளா இருக்கோணும், அது ஒண்ணுதான்.